கருப்பருக்கு ஒரு கிடா பாக்கி

மலாக்காவில், ஆயர் குரோவில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைத் திறந்த நாளிலிருந்து அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. ‘எல்லை கடந்த கடப்பாடுகள் கண்காணிப்பு இலாகா’ என்று வாசலில் பித்தளை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நம் சனங்களுக்கு அவ்வளவு நீளத்துக்கு வாய் திறக்க நேரமில்லை. ‘பாக்கி ஆபீஸ்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே குடியிருப்பவர்கள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என்னென்ன தர வேண்டியிருக்கிறது என்று தேடிப் பிடித்து, கூட்டிப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓர் எண்ணாகச் சொல்வதுதான் அந்த இலாகாவின் வேலை. தீர்த்து வைப்பதெல்லாம் அவர்கள் வேலையில்லை. எண்ணுவது மட்டும்தான். அந்த எண்ணுக்குக் கடப்பாட்டுக் குறியீடு என்று பெயர். கட்டடத்தின் முகப்பில் சிவப்பு விளக்கில் எரிந்துகொண்டே இருக்கும். நான் கிராப் டாக்சி ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த வழியாகப் போகிறேன். நாலு தடவையும் வயிறு எரிகிறது.

ஏன் என்று கேட்டால் பெரியநாயகி அக்காவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அக்காவும் நானும் மஸ்ஜித் தானா போகிற சாலையில் இருக்கும் ஆறாங்கட்டைத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். நான் தப்பித்து செங் பக்கம் வந்துவிட்டேன். அக்கா அங்கேயே இருந்தார். முப்பது வருஷம் செம்பனைக்கு மருந்தடித்தார். கணவர் வீரப்பன் லோரி விபத்தில் போய்ச் சேர்ந்தார், பிள்ளை இல்லை. போன வருஷம் கம்பெனிக்காரன் நிலத்தை விற்றான், பணத்தை வாங்கினான், ஆபீஸைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டான். ஆட்களுக்குத் தர வேண்டிய நஷ்ட ஈட்டை ‘பின்னால் அனுப்பப்படும்’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். ஜூன் மாதக் கடைசியில் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளை இடிப்பார்கள் என்று நிலத்தை வாங்கியவன் இன்னொரு நோட்டீஸ் ஒட்டினான்.

நல்ல காலம், செங்கில் மலிவு விலை வீட்டுக்கு அக்காவின் பெயர் வந்திருந்தது. பேங்க் கடன் தரத் தயார். ஒரே ஒரு காகிதம் மட்டும் பாக்கி: வெளிநாட்டில் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று பாக்கி ஆபீஸ் கொடுக்கும் சான்று. ஜூன் முப்பதுக்குள் அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காவிட்டால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். “ஒரு சாவி தம்பி. எனக்குன்னு ஒரு சாவி. கம்பெனி கதவு இல்ல, என் கதவு” என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதம் கணக்கெடுப்புக்கு நூர் ஹிதாயா வந்தது. மலாக்கா டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண், தங்கமான பிள்ளை. கையில் ஒரு டேப்லட், கழுத்தில் இலாகா அட்டை. அன்றைக்கு அக்காவுக்கு மலாய் போராங் படிவத்தை நிரப்பிக் கொடுக்க நானும் போயிருந்தேன். கேள்விகளெல்லாம் சுலபமாகத்தான் போயின. வெளிநாட்டு பேங்கில் கடன் உண்டா, இல்லை. வெளிநாட்டுக்காரன் பங்கு வைத்த தொழில் உண்டா, அக்கா சிரித்தார். கடைசிக் கேள்வியை அந்தப் பெண் படித்தது: “வெளிநாட்டில் வசிக்கும் எவருக்கேனும், ரொக்கமாகவோ பொருளாகவோ, நீங்க தர வேண்டியது ஏதும் இருக்கா ஆண்ட்டி?”

அக்கா வாயைத் திறந்தார், மூடினார்.

“இல்லன்னு சொல்லுக்கா” என்றேன்.

“இரு தம்பி. ஒண்ணு இருக்கும்மா. ஒரு கிடா.”

“யாருக்கு ஆண்ட்டி?”

“சங்கிலிக் கருப்பருக்கு. சிவகங்கைப் பக்கம். எங்க குலசாமி.”

நான் தலையில் கைவைத்தேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அக்காவுக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். பிள்ளை பிழைத்தால் ஊரில் கருப்பர் வாசலில் வந்து ஒரு கிடா வெட்டுகிறேன் என்று அக்காவின் அப்பா வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. அவருக்குக் கடைசி வரைக்கும் டிக்கெட்டுக்குக் காசு சேரவில்லை. சாகும்போது பாக்கியை மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

“அக்கா, அதெல்லாம் இவங்க கேக்கலக்கா. இல்லன்னு சொல்லிட்டுப் போ.”

“நீ சும்மா இரு தம்பி. அந்தக் கிடாவுக்குத்தான் நான் பொழைச்சேன். உசுரோட உக்காந்துக்கிட்டு, வாங்கலன்னு வாயால சொல்லச் சொல்றியா?”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான். எங்கள் ஆட்கள் பேங்குக்காரனிடம் பொய் சொல்வார்கள், வேலை வாங்குகிற மண்டோரிடம் பொய் சொல்வார்கள், பொண்டாட்டியிடம் கூடச் சொல்வார்கள். சாமிக்குத் தர வேண்டியதை இல்லை என்று மட்டும் சொல்ல நாக்கு எழும்பாது.

ஹிதாயா டேப்லட்டைத் தட்டியது. “கடன் கொடுத்தவரோட தகப்பன் பேரு, ஆண்ட்டி?”

“சாமிக்கு ஏதுமா தகப்பன்?”

“போடலன்னா ஸ்கிரீன் நகர மாட்டேங்குது லா. சரி, ‘தெரியாது’ன்னு போடறேன். தொழில்?”

“காவல்.”

பாதுகாப்புச் சேவைத் துறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கருப்பரைப் பதிவு செய்துகொண்டு அந்தப் பெண் போனது.

மே மாதம் அக்கா சான்றுக்கு எழுதிப் போட்டார். ‘தங்கள் பெயரில் தீராத எல்லை கடந்த கடப்பாடு ஒன்று இருப்பதால் சான்று வழங்க இயலாது’ என்று பதில் வந்தது. அக்காவை ஏற்றிக்கொண்டு பாக்கி ஆபீஸுக்குப் போனேன். நம்பர் எடுத்து, நாலாம் கவுண்டருக்குப் போய், அங்கே பொருள்வகைக் கடன் பார்ப்பதில்லை என்று ஒன்பதாம் கவுண்டருக்கு அனுப்பி, அங்கே உயிருள்ள பொருள் பார்ப்பதில்லை என்று மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் தலைமை இயக்குநர், ‘டத்தோ’ பட்டம் வாங்கிய பாலகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். நம்ம ஆள். அதைப் பார்த்து அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு இல்லை.

“வாங்கம்மா, வாங்க! உங்களத்தான் பார்க்கணும்னு இருந்தேன்” என்று டத்தோ எழுந்து வந்து நாற்காலி போட்டார். “கடன்னா வெட்கப்படக் கூடாது. ஒரு நாட்டுக்கு வெளியில கடன் இருக்குன்னா என்ன அர்த்தம்? வெளியில ஒருத்தன் நம்மள நம்பறான்னு அர்த்தம். கடன் ஏற ஏற நம்பிக்கை ஏறுது. உங்க கருப்பரையே எடுத்துக்குங்க. நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு நோட்டீஸ் உண்டா? லாயர்கிட்டேருந்து ஒரு கடுதாசி, ஒரு சூராட் உண்டா? அதான் முதலீட்டாளர் நம்பிக்கை. நான் ஐரோப்பாவுல மூணு மாநாட்டுல பேசியிருக்கேன். இந்த மாதிரி ஒரு கிரெடிட்டரை நான் பார்த்ததே இல்ல.”

“அது அவரு குணம்ங்க டத்தோ” என்றார் அக்கா. “எனக்கு அந்தச் சான்று சூராட் கிடைச்சா நல்லாருக்கும். முப்பதாம் தேதிக்குள்ள கொடுக்கணும், இல்லன்னா வீடு போயிடும்.”

“தாராளமா! கடன் தீர்ந்துச்சுன்னு அவர்கிட்ட ஒரு சூராட் வாங்கிட்டு வாங்க. லெட்டர்ஹெட்ல இருக்கணும், கையெழுத்து வேணும்.”

“அவரு கையெழுத்துப் போட மாட்டாருங்க.”

“கைரேகை?”

“கையில அருவா இருக்கும்ங்க.”

டத்தோ இதைக் குறித்துக்கொண்டார். பிறகு கடனின் மதிப்பைக் கணக்கிட வேண்டும் என்று நாலு அதிகாரிகளைக் கூப்பிட்டார். ஒருவர் கோட் போட்டிருந்தார். கிடா என்பது வளரும் சொத்து, நாற்பத்தைந்து வருஷத்தில் அது ஒரு மந்தையாகியிருக்க வேண்டும், மந்தையைத்தான் கடனாகக் கொள்ள வேண்டும் என்று அவர் வாதாடினார். கிடா ஆண், அது குட்டி போடாது என்று நான் சொன்னேன். கோட்காரர் இணையத்தில் தேடிப் பார்த்து, நான் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள இருபது நிமிஷம் ஆனது. அப்படியானால் ஆறு விழுக்காடு கூட்டு வட்டி என்று முடிவு செய்தார்கள். கணினி விடையைத் துப்பியது: பதின்மூன்றே முக்கால் கிடா, கொசுறாக ஒரு துளி. இன்றைய சந்தை விலையில் பதினேழாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு ரிங்கிட்.

“நாங்க ஒண்ணுதான வேண்டிக்கிட்டோம்” என்றார் அக்கா. “சரி, அதுவும் போகட்டும். முக்கா கிடாவை எப்படிங்க உசுரோட ஓட்டிட்டுப் போறது?”

“அது நடைமுறைச் சிக்கல். எங்க இலாகா நடைமுறையில தலையிடறதில்ல” என்றார் டத்தோ.

வெளியே வந்தோம். வேண்டிக்கொண்டபடி ஒரு கிடாவை வெட்டி முடித்துவிடலாம் அக்கா என்றேன். மஸ்ஜித் தானாவில் மீரா சாஹிப் மாமா ஆட்டுப் பட்டி வைத்திருக்கிறார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு உங்க ஆளுங்க சொல்வாங்கள்ல, இதுதான் போலிருக்கு” என்று சொல்லி ஒரு கறுப்புக் கிடாவைக் காட்டினார். ஆயிரத்து முந்நூறு. பாதி இப்போது, மீதி எப்போது முடிகிறதோ அப்போது என்றார். “உங்க சாமிக்கு நான் விலை பேச மாட்டேன் லா” என்றும் சொன்னார். அக்கா அழுதே விட்டார்.

ஆனால் வெட்ட வேண்டிய இடம் சிவகங்கையில். கடப்பாடு பதிவான ஆள் நாட்டை விட்டுப் போக வேண்டுமானால் பாக்கி ஆபீஸ் அனுமதி வேண்டும். அனுமதிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கடப்பாடு இல்லை என்ற சான்று வேண்டும் என்றார்கள். சொன்னவரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாசமாகப் போக!

அப்போதுதான் அக்காவுக்குப் பிடிமண் ஞாபகம் வந்தது. எங்கள் பாட்டன்மார் கப்பலேறும்போது கருப்பர் கோயில் மண்ணை ஒரு பிடி முடிந்து கொண்டுவந்து, ஆறாங்கட்டைத் தோட்டத்தில் ஆலமரத்தடியில் போட்டு, மேலே ஒரு கல்லை நட்டு, சூலம் குத்திக் கும்பிட்டார்கள். பிடிமண் எடுத்தால் சாமியும் கூட வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அப்புறம் அங்கே வெட்டினாலும் ஒன்று, இங்கே வெட்டினாலும் ஒன்று. அப்பா அவசரத்தில் ஊரைச் சொல்லிவிட்டாரே தவிர, கருப்பர் கோபிக்க மாட்டார் என்று அக்கா தோட்டத்துப் பூசாரியிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

டத்தோவிடம் சொன்னோம். அவர் முகம் முதல் தடவையாக வாடியது.

“அப்படின்னா கடன் கொடுத்தவரு நூறு வருஷமா மலேசியாவுல இருக்காருன்னு சொல்றீங்க.”

“ஆமாங்க.”

“அவரு உள்நாட்டு ஆளுன்னா இது எல்லை கடந்த கடனே இல்ல. குறியீட்டுல இருந்து எடுக்கணும். பதினேழாயிரம் குறையும்.” டத்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, நீங்க சொல்றது நாட்டுக்கு எவ்வளவு பெரிய இழப்புன்னு யோசிச்சீங்களா?”

ஆய்வுக் குழு ஒன்றை அனுப்பினார். கருப்பர் அங்கே வசிக்கிறாரா என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். கோட்காரரும் ஹிதாயாவும் இன்னும் மூன்று பேரும் ஆறாங்கட்டைக்கு வந்து இறங்கினார்கள். அக்கா முன்னால் நடந்துபோய் இடத்தைக் காட்டினார். ஆலமரமும் இல்லை, கல்லும் இல்லை. நிலத்தை வாங்கியவன் ஜனவரியிலேயே மண்வாரி இயந்திரம் விட்டுத் தள்ளிச் சமப்படுத்திவிட்டான். சூலத்தைப் பூசாரி தன் வீட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். அக்காவுக்கும் இது தெரியும். ஆனால் மண் அங்கேதானே இருக்கிறது என்பது அவருடைய நியாயம். ஆனால் அந்த மண்ணையும் லோரியில் அள்ளி எங்கேயோ கொட்டியிருந்தார்கள். கோட்காரர் அங்கேயே நின்று அறிக்கை எழுதினார்: ‘கடன் கொடுத்தவர் வளாகத்தில் இல்லை. வளாகமும் இல்லை. எனவே அவர் வெளிநாட்டில் வசிப்பதாகவே கொள்ளப்படுகிறது.’

ஹிதாயா மட்டும் அக்காவின் கையைப் பிடித்து, “ஸாரி ஆண்ட்டி” என்றது.

வந்தவர்கள் சும்மா திரும்பினார்களா? மற்ற வீடுகளிலும் கேட்டார்கள். ஏற்கனவே சான்று வாங்கிச் சாவியும் வாங்கிவிட்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டே தைரியமாக வாயைத் திறந்தார்கள். கிட்டங்கியில் வேலை பார்த்த மங்களம் பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தது. ஒரு குடும்பம் சமயபுரத்துக்கு வெள்ளிக் கண்மலர், இன்னொரு குடும்பம் வேளாங்கண்ணிக்கு ஆள் உயர மெழுகுவர்த்தி. முனியாண்டி என்ற பெரியவர் திருச்செந்தூருக்கு ஒரு சேவல் என்று ஆரம்பித்து, மூன்று தலைமுறைக்கு எண்ணிச் சொன்னார். தலைமுடியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இரண்டு நாள் தலைமையகத்தில் கூட்டம் போட்டு, ‘திரும்ப வளரக்கூடிய கடப்பாடு’ என்று புதிதாக ஒரு கட்டம் திறந்தார்கள்.

சிவப்பு எண் ஏறிக்கொண்டே போனது. அந்தக் காலாண்டில் தலைக்கு இவ்வளவு கடப்பாடு என்ற கணக்கில் மலாக்கா மாநிலம் நாட்டிலேயே முதலாவதாக வந்துவிட்டது என்று டத்தோ பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஜூன் இருபதாம் தேதி பெரிய ஓட்டலில் விழா. அக்காவுக்கு அழைப்பு வந்தது. சான்றைக் கையில் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அக்கா நம்பினார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பேங்க் காகிதங்களையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஓட்டல் வாசல் வரைக்கும் காரில் கருப்பர் பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மேடையில் டத்தோ பேசினார்.

“பெரியோர்களே! நம் முன்னோர்கள் வெறுங்கையோடு இந்த மண்ணுக்கு வந்தார்கள் என்று சொல்கிறார்கள். பொய்! அவர்கள் கடனோடு வந்தார்கள். அந்தக் கடனைத் தீர்க்காமல் காப்பாற்றி, வட்டியோடு நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று அண்டை மாநிலங்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுகின்றன. அவர்களிடம் தொழிற்சாலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. கிடா இருக்கிறதா? நான் இந்தப் பதவிக்கு வந்தபோது குறியீடு எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது! சிலர் கேட்கிறார்கள், இதனால் சாதாரண மனிதனுக்கு என்ன பயன் என்று. நான் திருப்பிக் கேட்கிறேன்: சாதாரண மனிதனால் குறியீட்டுக்கு என்ன பயன்? அதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும்!”

கைதட்டல். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, ‘முன்மாதிரிக் கடனாளி’ என்று எழுதிய கண்ணாடிச் சட்டத்தையும் பிஸ்கட் டின்கள் அடுக்கிய ஒரு கூடையையும் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். எங்கள் அக்கா முப்பது வருஷத்தில் மைக்கைப் பார்த்ததில்லை. ஆனாலும் பேசினார்.

“ஐயா, எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு கிடா தரணும்னு ஒத்துக்கிட்டேன். நீங்க பதிமூணே முக்கான்னு எழுதிக்கிட்டீங்க. எங்க கம்பெனிக்காரன் எனக்கு நஷ்ட ஈடு தரணும். முப்பது வருஷத்துக்கு. அவனும் இப்ப வெளிநாட்டுலதான் இருக்கான். அதையும் எழுதிக்கிட்டா, அதுல இத கழிச்சிட்டு, எனக்குச் சான்று கொடுத்துடலாம்ல?”

கூட்டத்தில் பின்வரிசையில் ரெண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவன் நான். இன்னொருவர் பரிமாறிக்கொண்டிருந்த ஓட்டல் ஊழியர்.

டத்தோ சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். “அம்மா கேட்டது நல்ல கேள்வி. ஆனா நாங்க கொடுக்க வேண்டியதை மட்டும்தான் எண்ணறோம். வர வேண்டியது வேற இலாகா. அந்த இலாகா இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிக்கவும் கூடாதுங்கிறது என் தாழ்மையான கருத்து. ஏன்னா வர வேண்டியதை எழுதினா கொடுக்க வேண்டியதுல கழிச்சிடணும். கழிச்சா எண்ணு குறைஞ்சிடும். நாம ரெண்டாவது இடத்துக்குப் போயிடுவோம்!”

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அந்த மேடையிலேறி டத்தோவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. நானும் கோழைதான்.

வீட்டுக்கு வருகிற வழியில், “சான்று அந்தக் கூடைக்குள்ள இருக்குமா தம்பி?” என்று கேட்டார். நிறுத்திப் பார்த்தோம். பிஸ்கட்தான்.

இருபத்தேழாம் தேதி ஹிதாயா தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டது. “ஆண்ட்டி, ஒரு வழி இருக்கு. ‘நான் சொன்னது தப்பு, எனக்கு அப்படி ஒரு கடன் இல்ல’ன்னு ஒரு வாக்குமூலம். ஒரு சைன் போட்டா போதும். நானே டைப் பண்ணி வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில வாங்க.”

அக்கா அந்தப் பகல் முழுக்க என் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு என்ன புத்தி சொல்வது? வீட்டை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பொய் சொல் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அவருக்கு என் மேல கோவம் வருமா?”

“வராதுக்கா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. சும்மா சொன்னேன்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். கவுண்டரில் ஹிதாயா காகிதத்தை நீட்டியது. அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். “கருப்பா, மன்னிச்சுக்க. குடியிருக்க ஒரு எடம் வேணும்டா” என்றார். கையெழுத்துப் போட்டார். எழுத்து கோடு தாண்டி ஓடியிருந்தது. போட்டு முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அந்த நாற்காலியிலேயே குனிந்துவிட்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

காகிதம் மாடிக்குப் போனது. அரைமணி நேரத்தில் டத்தோவே கீழே இறங்கி வந்தார். கையில் அந்தக் காகிதம்.

“என்னம்மா இது? பரிசு வாங்கி எட்டு நாள்தான் ஆச்சு, கடனே இல்லைங்கிறீங்க! பதிவான கடனை ஒரு நாடு இல்லைன்னு சொன்னா உலகத்துல அதுக்குப் பேரு என்ன தெரியுமா? திவால்! உங்க ஒரு வீட்டுக்காக மலாக்காவோட நாணயத்தைக் கெடுக்கப் பார்க்கறீங்க. ஒரு தெய்வத்துக்கே துரோகம் பண்ணறோமேன்னு உங்களுக்கு உறுத்தல?”

சொல்லிவிட்டுக் காகிதத்தை நாலாகக் கிழித்தார். தெய்வத்தைப் பற்றி அந்த வாய் பேசுகிறது! அக்கா குனிந்து, கிழிந்த துண்டுகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். கேவலப்பட்டதும் மிச்சம், கையெழுத்தும் செல்லாது. ஹிதாயா எழுந்து போய் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டது. அது அழுகிற சத்தம் வெளியே கேட்டது.

முப்பதாம் தேதி வந்தது, போனது. வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போனது. ஜூலை இரண்டாம் தேதி ஆறாங்கட்டையில் லயத்தை இடித்தார்கள். அக்காவின் சாமான் என் காரில் ரெண்டு நடையில் அடங்கிவிட்டது. என் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர், அவர் கேட்கவில்லை. புக்கிட் பெருவாங்கில் நாத்தனார் வீட்டில் ஒரு வாரம், தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிற இடத்தில் பெண்கள் விடுதியில் ஒரு வாரம், சினேகிதி திலகா வீட்டில் ஒரு வாரம். இப்படியே ஓடியது. மீரா சாஹிப் மாமா முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கறுப்புக் கிடாவை மட்டும் இன்னும் விற்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், அக்காவை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஹிதாயா. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆண்ட்டி, ஹிதாயா பேசறேன். ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“சொல்லும்மா.”

“உங்க கடப்பாடு நேத்தோட பூஜ்யம் ஆயிடுச்சு. இந்தக் காலாண்டு கணக்கெடுப்புல உங்க அட்ரஸ் கிடைக்கல. ரெண்டு மாசம் நிலையான அட்ரஸ் இல்லன்னா அந்த ஆள் இந்த நாட்டுல குடியிருக்கறதா எடுத்துக்க மாட்டாங்களாம். கருப்பரும் இங்க குடியில்ல, நீங்களும் குடியில்ல. வெளியாளு வெளியாளுக்குக் கொடுக்க வேண்டியது நம்ம கணக்குல வராதாம். அதனால எடுத்துட்டாங்க.”

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி பாக்கி ஆபீஸைத் தாண்டியது. சிவப்பு எண் எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் கிடா போனதில் அது குறைந்ததாகத் தெரியவில்லை.

“சான்று ரெடியா இருக்கு ஆண்ட்டி. டத்தோ கையெழுத்துப் போட்டுட்டாரு. யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லன்னு. தபால்ல அனுப்பணும். எந்த அட்ரஸுக்கு அனுப்பறதுன்னு கேக்கச் சொன்னாங்க.”

அக்கா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“உங்க டத்தோ வீட்டுக்கே அனுப்பிடும்மா” என்றார். “கருப்பருக்கும் வீடு இல்ல, எனக்கும் இல்ல. எங்க மூணு பேர்ல வீடு இருக்கறது அவருக்கு மட்டும்தான்.”